3 மாசச் சந்தா, கட்டுபடியாச்சுங்களா?

திருப்பூர்ல மெர்ச்சண்டைசர் வேலைங்க எனக்கு. அமெரிக்கா பையரோட மெயிலுக்கு ராத்திரி முழிச்சுக் கெடந்து ஒட்டிக்கிட்ட பழக்கம், அவங்க காலேஜ் ஃபுட்பால். அதுலயும் பேர் பெத்த பெரிய காலேஜுக இல்லீங்க, ஒரு படி கீழ இருக்கற எஃப்சிஎஸ். 2024 சீசனுக்குன்னு ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்ல சந்தா கட்டினேன்.

ஆட்டம் புரியறது கஷ்டமில்ல. நாலு வாய்ப்புக்குள்ள 10 கஜம் முன்னேறணும். துணியையே கிலோவுல பேசற ஊர்க்காரனுக்குக் கஜக்கணக்குதான் கொஞ்சம் இடிச்சுது. ப்ளேஆஃப்ல 24 டீம், ஒருக்கா தோத்தா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். ஃபைனலுக்கு முந்தி வரைக்கும் ஆட்டமெல்லாம் ஏதாச்சும் ஒரு காலேஜோட சொந்த மைதானத்துல. நம்ம டீமு, காட்டெருமைக் கொடி புடிக்கற வடக்கு டகோட்டா ஸ்டேட். அவங்களோடது கூரை போட்ட ஃபார்கோடோம். எதிர் டீம் பந்தெடுத்தா, நிட்டிங் செட்டுக்குள்ள நின்னாப்புல இரைச்சல். ஆப்ல படம் துல்லியம், சத்தம் துல்லியம், கொறை சொல்ல முடியாது.

கோவம் எதுக்குன்னா, டிசம்பர் 21 அரையிறுதி. நம்மள எதுத்து ஆடுன தெற்கு டகோட்டா ஸ்டேட்தான் முந்தின ரெண்டு வருசச் சாம்பியன். ஷிப்மெண்ட் சோலியில நேரலைய விட்டுட்டு, காலைல டீயும் கையுமா ரீப்ளே பாக்கலாம்னு தொறந்தா, தலைப்புலயே 28-21ன்னு போட்டு வெச்சிருக்கான்! அப்புறம் என்னத்தப் பாக்கறது?

ஃபைனல் நமக்கு ஜனவரி 7, மார்கழி 23, காலைல 5.30. டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவுல அப்ப 6ஆம் தேதி சாயங்காலம். ஆப்ல அமெரிக்க நேரம் மட்டுந்தான், கணக்குப் போட்டுக்கறது நம்ம பாடு. வெளிய பெருமாள் கோயில் மைக்கு, உள்ள நம்ம காட்டெருமைக் கொடிக்காரங்க. 15 ஆட்டம் தோக்காம வந்த மான்டானா ஸ்டேட்ட பாதி ஆட்டத்துல 21-3ன்னு அமுக்கிட்டாங்க. கடைசிக் கால்மணி ஆட்டத்துல மான்டானா நெருங்கி வர்றப்ப படம் நின்னு சக்கரம் சுத்த ஆரம்பிச்சுது. ஆப்ப மூடித் தொறந்து, மோடத்த அணைச்சுப் போட்டு... கடைசில 35-32, பத்தாவது பட்டம். நான் போட்ட சத்தத்துல அம்மா எந்திரிச்சு வந்து, "ஏஞ்சாமி, எருமைக்கா இந்தக் கத்து கத்தறே?"ன்னாங்க.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். மூணும் ஆட்டத்துக்கு.

சந்தாவ நிறுத்தற பட்டனத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள பிப்ரவரிக்கும் காசெடுத்துட்டாங்க. பிப்ரவரில ஆட்டமே இல்லீங்க.