படகு எஞ்சினுக்குக் கோடு ரீடர்: மூன்று வகையையும் பயன்படுத்திப் பார்த்ததில்

எஞ்சின் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் கோளாறு எண்களை (கோடுகளை) படிக்கும் கருவியான கோடு ரீடர் வாங்கப் போகிறீர்களா? முதலில் எஞ்சின் மூடியைத் திறந்து, உங்கள் எஞ்சினில் இந்தக் கருவியைச் செருகும் டயக்னாஸ்டிக் கனெக்டர் எங்கே இருக்கிறது, எத்தனை பின் என்று பாருங்கள். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கனெக்டருக்கும் அதன் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தாவிட்டால் ஒன்றுக்கும் உதவாது.

கார்களில் இந்தத் தலைவலி இல்லை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொதுவான கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது. அதே 16 பின் கனெக்டரும் அதே வகைக் கோடுகளும் மற்ற நாடுகளுக்கும் பரவின. அதனால் அந்தக் கனெக்டரில் செருகும் ஒரு சின்ன புளூடூத் கருவியை (டாங்கிளை) வாங்கினால் பெரும்பாலான கார்களைப் படித்துவிடலாம். படகில் அப்படி ஒரு பொது ஏற்பாடு வரவில்லை. மெர்க்குரிக்கு ஒரு கனெக்டர், வால்வோ பென்டாவுக்கு வேறொன்று, யமஹாவுக்கும் சுசுகிக்கும் அவரவருடையது. கார் டாங்கிளைப் படகில் மாட்டுவதற்கென்று மாற்றுக் கேபிள்கள் கிடைக்கின்றன. ஆனால் வெறும் கேபிள் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், எஞ்சின் கம்ப்யூட்டர் பேசும் மொழியை மாற்றாது. வாங்கும் முன் எஞ்சினின் சீரியல் நம்பரைச் சொல்லி, ‘இதைப் படிக்குமா?’ என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது பெட்ரோல் ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சின்: எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் படகின் பின்புறத்துக்கு வெளியேயும் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் பிளாக், எரிபொருள் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் அதன் மெஃபி கம்ப்யூட்டர், 10 பின் கனெக்டர். கடல்நீரை நேரடியாக உறிஞ்சிக் குளிரவைக்கும் வகை. இதில் மூன்று விதமான கருவிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலாவது, விளக்கு மின்னும் சின்னப் பெட்டி. கனெக்டரில் செருகி, சுவிட்சை சர்வீஸ் பக்கம் தள்ளி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். விளக்கு ஒருமுறை மின்னி, நின்று, இரண்டு முறை மின்னினால் 12. அது பழுது இல்லை, சோதனை முறை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அதன் பிறகுதான் உண்மையான கோடுகள் ஒவ்வொன்றும் மூன்று தடவை வரும். 14 என்றால் கூலன்ட் வெப்பநிலை சர்க்யூட், 21 என்றால் த்ராட்டில் சென்சார், 33 என்றால் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம். பேட்டரி கூட வேண்டாம், கருவிப் பெட்டியின் மூலையில் கிடக்கும், எப்போதும் வேலை செய்யும். இதை நான் மதிக்கிறேன். ஆனால் இதை மட்டும் நம்பினால் நல்ல சென்சார்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

ஏன் என்று என் எஞ்சினில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். 14 வந்தது. பார்க்க வந்த மெக்கானிக் உடனே, ‘சென்சார் போச்சு சார், மாத்திடலாம்’ என்றார். கோடு சொன்னது அதுவல்ல. அந்த சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் அது சொன்னது. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், இரண்டு வயர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டாவது வகைக் கருவி வேண்டும்: நேரடி அளவுகளைத் திரையில் ஓடவிடும் கையடக்க ஸ்கேனர். ரிண்டா நிறுவனத்தின் டெக்மேட் ப்ரோ இந்த வகையைச் சேர்ந்தது.

காலையில், எஞ்சின் இரவு முழுக்க ஓடாமல் ஆறிக்கிடந்த நிலையில் சாவியை ஆன் செய்து பார்த்தேன். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும், ஆறிய எஞ்சினில் இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கும். ஆக, சென்சார் சரியாகவே அளக்கிறது. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டேன். 60 டிகிரியைத் தாண்டிப் போய் நிலையாக நின்றது. கடல்நீர் நேரடியாக ஓடும் எஞ்சின்களுக்கு அந்தச் சூடுதான் சரி. அதிகம் சூடானால் உள்ளே உப்புப் படியும் என்பதற்காகவே தெர்மோஸ்டாட்டைத் தாழ்வாக வைக்கிறார்கள். சரி, எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளவு ஒரே தாவில் மைனஸ் 40க்கு விழுந்தது. உடனே பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் கண் இமைப்பதற்குள் நூறு டிகிரி குளிர முடியாது. இந்த சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொள்ளும். அந்தக் கடுங்குளிரின் கடைசி எண்தான் மைனஸ் 40. ஆக, எங்கோ தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. எஞ்சின் ஓட, பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு வயர் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தேன். சென்சார் கனெக்டருக்குப் பக்கத்தில் அசைத்ததும் எண் மறுபடி விழுந்தது. கழற்றினால், ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. காண்டாக்ட் கிளீனர் அடித்து, நுண்ணிய பிரஷ்ஷால் தேய்த்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடினேன். அதன்பின் 14 வரவில்லை. பழைய சென்சார்தான் இன்னும் ஓடுகிறது.

கடலில் ஓடும் எஞ்சினில் கோளாறுகளில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது என்பது என் அனுபவம்: களிம்பு, தளர்ந்த எர்த், உரசித் தேய்ந்த வயர். புது உதிரிபாகம் இதில் எதையும் சரிசெய்யாது.

மூன்றாவது, லேப்டாப் மென்பொருள். அதே ரிண்டாவின் டயாகாம் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும். ஓட்டம் முழுவதையும் பதிவு செய்து, கரைக்கு வந்து நிதானமாக வரைபடமாக ஓட்டிப் பார்க்கலாம். இதுதான் என் மனதுக்கு மிகப் பிடித்தது. கடலில் போகும்போது திரையை முறைத்துக்கொண்டிருக்க முடியாது, முடிந்தாலும் கூடாது. ‘3,000 ஆர்பிஎம் தாண்டினால் மட்டும் தடுமாறுகிறது’ என்பது போன்ற புகாருக்குப் பதிவு இருந்தால் அந்த நொடிக்கே போய், த்ராட்டில், மேனிஃபோல்டு அழுத்தம், பேட்டரி வோல்டேஜ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறை என்றால், எஞ்சின் குடும்பத்துக்கு ஒரு கேபிள் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஈரமான படகில் லேப்டாப்பைக் காப்பாற்றுவதும் தனி வேலை.

டீசல்காரர்களுக்கு ஒன்று. எலக்ட்ரானிக் கடல் டீசல்கள் பலவும் ஜே1939 என்ற பொதுவான தகவல் பரிமாற்ற முறையைப் பின்பற்றுகின்றன. அதில் கோடு இரண்டு எண்களாக வரும்: எஸ்பிஎன் என்பது எது என்று சொல்லும், எஃப்எம்ஐ என்பது அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. எஸ்பிஎன் 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் அழுத்தம் உண்மையிலேயே அபாய அளவுக்குக் கீழே போயிருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்புகிறது, எஞ்சினை உடனே நிறுத்துங்கள். எஃப்எம்ஐ 4 வந்தால் சென்சார் வயரில் வோல்டேஜ் வழக்கத்துக்குக் கீழே இருக்கிறது அல்லது எர்த்தோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். நண்பர் ஒருவரின் படகில் வந்தது 100, 4. ஆயில் பம்ப்பை இறக்கலாம் என்று ஏற்பாடே நடந்துகொண்டிருந்தது. ‘அண்ணே, அந்த ரெண்டாவது நம்பரைப் பாருங்க’ என்று நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளந்தோம், அழுத்தம் நன்றாகவே இருந்தது. சென்சார் வயர் ஒரு பிராக்கெட்டில் உரசி உறை கிழிந்திருந்தது. கேஜ் வைத்து அளக்காமல் கோடு சொன்னதை மட்டும் நம்பி எஞ்சினை ஓட்டியிருக்க மாட்டோம். நீங்களும் ஓட்ட வேண்டாம்.

ஒரே நேரத்தில் சம்பந்தமே இல்லாத நான்கைந்து கோடுகள் வந்து நின்றால் பயப்படாதீர்கள், பேட்டரியையும் எர்த்தையும் முதலில் பாருங்கள். அவை சரி என்றால், பல சென்சார்களுக்குப் பொதுவான 5 வோல்ட் லைனைச் சந்தேகியுங்கள். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் போதும், அந்த லைனில் இருக்கும் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றியதும் மற்றவை உயிர் பெறுகின்றனவோ அதுதான் குற்றவாளி.

பழைய படகு வாங்குபவர்களுக்கும் இது பெரிய துணை. பல எஞ்சின் கம்ப்யூட்டர்கள் எந்த ஆர்பிஎம்மில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சேமித்து வைக்கின்றன. விற்பவர் ‘மெதுவாகத்தான் ஓட்டினேன்’ என்பார். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இந்தக் கருவிகளுக்குத் தெரியாதவை நிறைய. தண்ணீர் பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இதழ் உடைந்ததையோ, புரொப்பெல்லர் ஹப் வழுக்குவதையோ, டிரைவின் ரப்பர் உறையான பெல்லோஸ் கிழிந்ததையோ எந்தக் கோடும் சொல்லாது. சூடு ஏறுகிறது என்று சொல்லும், தண்ணீர் பம்ப்பைத் திறக்க வேண்டியது நீங்கள்தான். கார்புரேட்டர் எஞ்சினிலும், மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசலிலும் படிக்க ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரை மறுபடி புரோகிராம் செய்வது போன்ற வேலைகளுக்குக் கம்பெனிக்காரர்களின் சொந்தக் கருவிதான் வேண்டும். மெர்க்குரிக்கு சிடிஎஸ் ஜி3, வால்வோ பென்டாவுக்கு வோடியா, யமஹாவுக்கு ஒய்டிஐஎஸ் என்று இருக்கின்றன.

பெட்ரோல் இன்போர்டு என்றால், எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கலாம். கனெக்டரைத் தொடும் முன் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியை (புளோயரை) குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, மூக்கால் முகர்ந்தும் பாருங்கள். கரையில் வைத்து ஓட்டினால் தண்ணீர்க் குழாய் இணைக்காமல் ஒரு நொடி கூட வேண்டாம், இம்பெல்லர் கருகிவிடும்.

எதை வாங்கலாம்? மெஃபி எஞ்சின் வைத்திருந்து பணம் பார்த்துச் செலவழிப்பவர் என்றால் மின்னும் பெட்டியோடு ஒரு மல்டிமீட்டரும் போதும், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். சொந்தமாக வேலை பார்ப்பவர் என்றால் நேரடி அளவு காட்டாத எதையும் வாங்காதீர்கள், கையடக்க ஸ்கேனரே என் பரிந்துரை. இரண்டு மூன்று படகுகளைப் பராமரிப்பவர் லேப்டாப்புக்குப் போகலாம். புதிய மெர்க்குரி வைத்திருப்பவர்கள் மெர்க்குரியின் ஸ்மார்ட்கிராஃப்ட் கனெக்டை (முன்பு வெசல்வியூ மொபைல்) முதலில் பாருங்கள், கோளாறைப் போனிலேயே எழுத்தில் காட்டும். எதை வாங்கினாலும், எஞ்சின் நன்றாக ஓடும் ஒரு நாளில் ஐடிலிலும் ஓட்ட வேகத்திலும் எல்லா அளவுகளையும் ஒரு நோட்டில் பதிவு செய்து வையுங்கள். கோடு எதுவும் வந்தால், அழிப்பதற்கு முன் அதையும் எஞ்சின் மணி நேரத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள்.