பாளையங்கோட்டையில் பெண்களுக்கான குத்துச்சண்டை வகுப்பு: சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். முதல் வாரம் கிளவுஸைத் தொடவே விடமாட்டார்கள். நிற்பதும் நகர்வதும்தான் பாடம். அதுதான் சரியும்கூட.

கிளவுஸுக்குள் கையில் சுற்றும் கைக்கட்டுத் துணி நாலரை மீட்டர் நீளத்தில் வாங்குங்கள். மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டியில் மூன்று, பிறகு விரலிடுக்குகள். விரல்களை நன்றாக விரித்துவைத்தே சுற்ற வேண்டும். சேர்த்துவைத்துச் சுற்றினால், கையை மடக்கியதும் துணி இறுகி விரல் மரத்துப்போகும். தொங்கும் குத்துப்பையைக் குத்த 12 அவுன்ஸ் கிளவுஸ் போதும். ஜோடிப் பயிற்சிக்கு 16. அங்கே கிடக்கும் பொதுக் கிளவுஸ் வேர்வை நாற்றம், வேண்டாம்.

2012 ஒலிம்பிக்கில் மேரி கோம் வெண்கலம் வென்றதைச் சொல்லிச் சேரும் பிள்ளைகளோடு, பீடி சுற்றும் அம்மாக்களும் வருகிறார்கள். ஒருத்தி குத்த, இன்னொருத்தி பையைப் பிடிக்கிறாள். இரண்டு நாள் வராவிட்டால் 'என்னட்டீ, ஆளையே காணோம்?' என்று போன் வந்துவிடும். உடை மாற்ற ஒரே அறைதான், கொஞ்சம் முன்னதாகவே போங்கள்.