ரெரெரெவோடு மூன்று வருஷம்

பல பேர் சேர்ந்து எழுதும் புரோகிராமின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் (Git) என்ற சாஃப்ட்வேரில் 'ரெரெரெ' (rerere) என்றொரு வசதி இருக்கிறது. பேரைச் சொன்னால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் மாதிரி இருக்கும். ஒரே இடத்தை இரண்டு பேர் வேறு வேறாக மாற்றியதால் வரும் மோதலை, அதாவது கான்ஃப்ளிக்டை, நாம் எப்படித் தீர்த்தோம் என்று குறித்துக்கொண்டு, அதே சண்டை மறுபடி வந்தால் அதே தீர்ப்பைத் தானே போட்டுவிடும். தானாக ஆன் ஆகி வராது, நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினால் என் ஆபீஸ். துறைமுக கிளியரிங் ஏஜென்டுகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். நாலாயிரம் வரி ஃபைல் ஒன்றை நான் துண்டு துண்டாகப் பிரிக்க, பக்கத்து சீட் தம்பி அதே ஃபைலில் டாக்ஸ் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தான். தினமும் எல்லார் வேலையும் சேரும் பொதுக் கிளையான மெயினைச் சோதனைக்கு என் வேலையோடு இணைத்து, அதாவது மெர்ஜ் செய்து, டெஸ்ட் ஓட்டிவிட்டு, மெர்ஜைத் தூக்கிப் போட்டுவிடுவேன். மறுநாள் நேற்றைய தீர்ப்பு தானாக வந்து உட்காரும். அந்தப் பத்து நாளில் மிச்சமான நேரத்துக்கே இதற்குக் கோயில் கட்டலாம்.

அடி வாங்கியது ரீபேஸில், அதாவது நம் மாற்றங்களைப் புது மெயின் மேல் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடும்போது. கான்ஃப்ளிக்டில் எந்தப் பக்கத்தை எடுப்பது என்று சொல்ல 'அவர்ஸ்', 'தெய்ர்ஸ்' என்று இரண்டு உண்டு. மெர்ஜில் 'தெய்ர்ஸ்' என்றால் அடுத்தவன் எழுதியது. ரீபேஸில் அது தலைகீழ்: மெயின்தான் 'அவர்ஸ்', நாம் பதிந்த மாற்றங்கள் (கமிட்டுகள்) 'தெய்ர்ஸ்'. பழக்கதோஷத்தில் தெய்ர்ஸ் கொடுத்தேன், தம்பியின் திருத்தம் காணாமல் போனது. "இன்னாண்ணா, என் லைனைக் காணோம்?" என்றான். ரீபேஸைப் பழைய இடத்துக்குத் திருப்பி மறுபடி ஓட்டினால், ரெரெரெ விசுவாசமாக அதே தப்பைப் போட்டது! 'ஆட்டோஅப்டேட்' ஆனில் இருந்ததால் ஸ்டேஜும் ஆகிவிட்டது, அதாவது கமிட்டுக்குத் தயாராக வரிசையில் ஏறிவிட்டது. கான்ஃப்ளிக்ட் நிற்கும்போதே அந்த ஃபைலுக்கு 'ரெரெரெ ஃபர்கெட்' கொடுத்த பிறகுதான் மறந்தது. ஆட்டோஅப்டேட்டை அன்றே அணைத்தேன்.

கூடவே கான்ஃப்ளிக்டைக் காட்டும் விதத்துக்கு 'டிஃப்3' ஸ்டைலும் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், நான் வேறு ஃபைலுக்கு நகர்த்திய நாற்பது வரி என் பக்கம் வெறுமையாகவும் அவன் பக்கம் முழுசாகவும் நிற்கும். அவன் தொட்டது எந்த வரி என்று தெரியாது. டிஃப்3 நடுவில் ஏழு நெட்டுக்கோடு போட்டு, இருவரும் மாற்றுவதற்கு முன் இருந்த பழைய வரிகளையும் காட்டும். ஒப்பிட்டால் மாறியது ஒரே வரி. அதை என் புது ஃபைலில் சேர்த்தால் முடிந்தது. கிட் 2.35 முதல் இருக்கும் 'இசட்டிஃப்3' இன்னும் சுருக்கமாகக் காட்டும்.

ரெரெரெவின் நினைவு நம் மெஷினில் மட்டும்தான், நம் வேலையைச் சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷில் போகாது. தீர்த்தவை 60 நாள், தீர்க்காதவை 15 நாள் என்பது வழக்கமான கெடு. லேப்டாப் மாற்றியபோது பழைய தீர்ப்பெல்லாம் போச்சு.

கான்ஃப்ளிக்டே வராத மெர்ஜுக்கு இது உதவாது. நான் ஒரு ஃபங்ஷனின் (பேர் சொல்லிக் கூப்பிடும் புரோகிராம் துண்டின்) பேரை மாற்ற, அவன் வேறு ஃபைலில் பழைய பேரிலேயே புதிதாகக் கூப்பிட்டிருந்தான். கிட் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டது, உடைந்தது டெஸ்டில். இப்போதெல்லாம் பேர் மாற்றம் என்றால் டீக்கு எழும்போதே சொல்லிவிடுகிறேன்.