செங்கல்பட்டில் ஆறு வருஷம்: தினமும் சென்னைக்குப் போய்வரும் ஒரு குடும்பத்தின் அனுபவம்

2019 கோடையில் சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் போர் வற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் காய்ந்து கிடந்த வருஷம் அது. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் வீட்டில் ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு என் மாமியார் குடத்தோடு தெருவில் நின்றதைப் பார்த்த அன்றுதான் வீடு மாறுவது என்று முடிவு செய்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அதே ஜூலை மாதம் நாங்கள் செங்கல்பட்டுக்குச் சாமான் ஏற்றினோம்.

ஆறு வருஷம் தாண்டிவிட்டது. நகரத்துக்கு வெளியே அமைதியான ஊராகப் பார்த்துக் குடும்பத்தோடு போய்விடலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. எனக்கு நுங்கம்பாக்கத்தில் அலுவலக வேலை. வீட்டுக்காரருக்கு மறைமலைநகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. கூட அத்தை, அதாவது என் மாமியார். சைதாப்பேட்டையில் இருந்தவரை வீட்டுக்காரர் தெற்கே போனார், நான் வடக்கே போனேன். செங்கல்பட்டு வந்தபின் இரண்டு பேரும் ஒரே தண்டவாளத்தில்தான் போகிறோம். அவருக்கு மூன்றாவது ஸ்டேஷன், எனக்கு அதற்கப்புறம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வருவதற்கு முன் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று வரிசையாக வீடு பார்த்தோம். தாம்பரம் பக்கம் முடிச்சூரிலும் ஒரு நல்ல வீடு கிடைத்தது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் எப்படி இருந்தது என்பதை டிவியில் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் எந்தத் தெருவுக்குப் போனாலும் வீட்டு புரோக்கரிடம் கேட்கவில்லை. தெருமுனை மளிகைக் கடையிலும் பால்காரரிடமும் ஒரே கேள்விதான் கேட்டோம்: "பதினஞ்சுல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" கடைக்காரர் சொல்ல வேண்டியதுகூட இல்லை, சில தெருக்களில் காம்பவுண்டுச் சுவரே சொல்லிவிட்டது. இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு, அதற்கு மேலே மட்டும் பழைய சுண்ணாம்பு. கோடு இருந்த தெருவில் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நாங்கள் நிற்கவில்லை. இன்று வீடு தேடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். வெயில் காலத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்.

செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் அப்போது சொன்ன காரணம் ரயில். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வழியாக வரும் புறநகர் வண்டிகள் இங்கே வரை வருகின்றன. பெரும்பாலானவை இங்கிருந்தே கிளம்புவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. தூரம் கூடினாலும் உட்கார்ந்து போவதா, கிட்டே இருந்தாலும் நின்றுகொண்டு போவதா என்று பார்த்தால், ஐம்பது நிமிடம் நின்று போவதைவிட ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போவது உடம்புக்கு நல்லது என்பது என் அனுபவம்.

ஆனால் நான் போட்ட கணக்கில் ஒரு பெரிய பிழை இருந்தது. டைம் டேபிளில் இருந்த நேரத்தை மட்டும் பார்த்தேன். வீட்டுக் கதவிலிருந்து அலுவலக நாற்காலி வரைக்கும் கணக்குப் பார்க்கவில்லை. ஸ்கூட்டியில் ஸ்டேஷனுக்குப் போய் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டு, மேம்பாலம் ஏறி இறங்கி, ஐந்து நிமிடம் முன்னதாக நின்று, அங்கே இறங்கி நடந்து என்று எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். போக வர நாலு மணி நேரம். இன்னொன்றும் சாயங்காலம்தான் தெரியும். தாம்பரம் வரைக்கும் வண்டிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும், அதில் பாதிக்கு மேல் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியை ஒரு நிமிடத்தில் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே. ஒரு ஊரைப் பார்க்க வருகிறவர்கள் காலை வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த ஊருக்கு வந்து பாருங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டிக்கு ஒரு வாரம் பெட்ரோல் போடும் காசில் மாத சீசன் எடுத்துவிடலாம். 2025 ஏப்ரலில் இதே தடத்தில் ஏசி வண்டி விட்டார்கள், கடற்கரைக்கு 105 ரூபாய் டிக்கெட். காய்ச்சலான நாளிலும் சித்திரை வெயிலிலும் அதில் போயிருக்கிறேன், நிஜமாகவே சுகமாக இருந்தது. தினமும் போனால் கட்டுப்படியாகாது.

பெண்கள் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாலு மணி நேரத்தை நான் தாங்கியதற்குக் காரணம் அதுதான். சாயங்காலம் மாம்பலம் தாண்டியதும் ஒரு அக்கா மடியில் நாளிதழை விரித்து அவரைக்காய் ஆய ஆரம்பிப்பார். காம்பு ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். எதிரே இருப்பவர் கேட்காமலே ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஆய்ந்து தருவார். தாம்பரம் வருவதற்குள் அரைக் கிலோ முடிந்துவிடும், காம்பெல்லாம் அதே நாளிதழில் மடிந்து அவர் பைக்குள் போய்விடும். யாருக்கு எந்த ஸ்டேஷன் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் தூங்கிப்போனால் பரனூரில் தோளைத் தட்டி எழுப்ப ஆள் இருக்கிறது. 2020-ல் ரயில் நின்றுபோன மாதங்களில் அலுவலகத்தை விட அந்தப் பெட்டிதான் அதிகமாக நினைவுக்கு வந்தது. அந்த நவம்பர் கடைசியில், நெரிசல் இல்லாத நேரத்தில் பெண்கள் போகலாம் என்று அனுமதித்த வாரமே போய் ஏறினேன். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்து ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டோம்.

சரி, இதெல்லாம் என் பக்கத்துக் கதை. வந்து ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் அத்தை என்றேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நீ இருட்டோட போயி இருட்டோட வர்ற. உனக்கு ஊரு எப்படி இருந்தா என்னம்மா? பகல் பூரா இங்க இருக்கிறவ நானு. பேச ஒரு ஆளு இல்ல."

அன்று எனக்கு உறைத்தது. ரயிலில் போகிறவளின் வசதியை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்த ஊரில் பகல் முழுக்க வாழப்போவது அத்தையும் பாப்பாவும். நாங்கள் எடுத்த முதல் வீடு ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட ஒரு நகரில் இருந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், சத்தமே கிடையாது. கொத்தமல்லி வாங்கக்கூட ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும். பகலில் ஆட்டோ கிடைக்காது. அத்தை வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனார், முழங்கால் வலி அதிகமானது. அமைதி என்று நான் நினைத்தது அவருக்கு வெறும் தனிமையாக இருந்திருக்கிறது.

பாப்பா விஷயத்திலும் அப்படித்தான். பெயர் பெற்ற தனியார் பள்ளி என்று பதினைந்து கிலோமீட்டர் தள்ளிச் சேர்த்தோம். காலை 6.50-க்கு வேன். முதல் ஆளாக ஏறிக் கடைசி ஆளாக இறங்குவாள். ஒருநாள் வேனில் தூங்கிவிட்டாள், டிரைவர் பார்க்காமல் ஷெட் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அவராகத் திரும்பிப் பார்த்துக் கொண்டுவந்து விட்டார், ஒன்றும் ஆகவில்லை. அந்த இருபது நிமிடம் அத்தை வாசலில் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. பள்ளியில் போய்க் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. பெரியவர்களின் பயண நேரத்தைக் கணக்குப் பார்க்கிற நாம் குழந்தையின் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அடுத்த வருஷமே வீட்டையும் பள்ளியையும் சேர்த்து மாற்றினோம்.

இப்போது ஊருக்குள்ளேயே, பழைய தெரு ஒன்றில் இருக்கிறோம். பாப்பா நடந்து பள்ளிக்குப் போகிறாள். கடைத்தெரு எட்டு நிமிட நடை. கோதண்டராமர் கோயிலில் சாயங்காலம் அத்தைக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருப்பது வயதானவர்கள் உள்ள வீட்டுக்குப் பெரிய தைரியம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதால் கலெக்டர் ஆபீஸ் வேலைக்குக் காஞ்சிபுரம் போக வேண்டியதும் இல்லை.

இங்கே சத்தம் உண்டு. நவராத்திரி வந்தால் செங்கல்பட்டு தசரா. நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. ஒவ்வொரு கடைத்தெரு வியாபாரிகளும் தங்கள் அம்மனுக்குத் தனித்தனியாக அலங்காரம் செய்வார்கள். ராட்டினம், வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, ஸ்பீக்கர் என்று பத்து நாளும் ராத்திரி தூக்கம் கிடையாது. ஊருக்கு வெளியே இருந்த வருஷம் அத்தை அதைப் பார்க்கவே இல்லை. இப்போது பத்து நாளும் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

குறைகளும் இருக்கின்றன. எங்கள் தெருவில் தண்ணீர் வற்றியதில்லை, ஆனால் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன்தான். பொங்கல், தீபாவளிக்கு முதல் நாள் சென்னையே தெற்கே கிளம்பும்போது ஜி.எஸ்.டி. சாலை எங்களுக்கு இல்லாத மாதிரிதான், அன்று ரயிலை விட்டால் வழியில்லை. ரயிலும் சில சமயம் கைவிடும். 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக வண்டிகளைக் குறைத்தபோது பஸ் மாறி மாறி இரவு பத்து மணிக்கு வீடு சேர்ந்த நாட்கள் உண்டு. வாடகையும் ஏறியிருக்கிறது. 9,500-க்கு வந்தோம், இப்போது இருக்கும் வீட்டுக்கு 14,000. "செங்கல்பட்டுக்கு மிக அருகில்" என்று மனை விளம்பரம் பார்த்தால் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், நாங்கள் போன ஒரு மனைக்குக் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு பஸ்ஸே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருக்கின்றன. வல்லம் குடைவரைக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. திருக்கழுக்குன்றம் அரை மணி நேரம். மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கலுக்குக் காலையிலேயே போனால் கூட்டம் சேர்வதற்குள் நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

வாரம் ஐந்து நாளும் போய்வர வேண்டியவர்களுக்கு என் நேர்மையான பதில்: ஒரு வருஷத்துக்கு மேல் கஷ்டம். 2022-லிருந்து எனக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. அது கிடைக்காமல் இருந்திருந்தால் நான் வேலையை மாற்றியிருப்பேன். போகும் மூன்று நாளும் சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோயில் வரும்போது அத்தைக்கு போன் செய்துவிடுவேன். அதற்குப் பிறகு பரனூர், அப்புறம் கொளவாய் ஏரிக்காற்று ஜன்னலில் அடிக்கும், ஊர் வந்துவிடும். நான் ஸ்கூட்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கும்.