செயில்ஃபிஷோடு மூன்றரை வருடம்: அடுத்த போனில் எனக்கு வேண்டியவை

2022 ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருமுன், நோர்வேயில் இருக்கிற சித்தப்பாவின் மகன் வழமைபோல "உனக்கு என்னடா கொண்டுவர?" என்று கேட்டார். பாவித்த சோனி எக்ஸ்பீரியா 10 III ஒன்று, அதோடு அதில் அன்ட்ரொயிட்டுக்குப் பதிலாகப் போடுகிற செயில்ஃபிஷ் என்ற ஓஎஸ்ஸுக்கு, அதாவது போனை இயக்குகிற மென்பொருளுக்கு, உரிமம் ஒன்று, இரண்டும்தான் கேட்டேன். உரிமம் 49.90 யூரோ. இங்கே இலங்கையில் இருந்துகொண்டு அதை வாங்க முடியாது, ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்குத்தான் விற்றார்கள், அதனால் அண்ணாதான் தன் பெயரில் வாங்கவேண்டியிருந்தது. அன்றைய யூரோ விலைக்கு ஏறக்குறைய 18 ஆயிரம் ரூபா. கியூஆர் காட்டி எண்ணெய் அடித்த அந்த வருடத்தில் அது சின்னக் காசில்லை. அண்ணா காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் என் போன். முரசுமோட்டையில் வயல், பரந்தனில் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை, இந்த இரண்டுக்கும் இடையில்தான் என் நாள் போகிறது. செயில்ஃபிஷைச் செய்கிற ஜொல்லா நிறுவனம் 2025இல் அடுத்த போனில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பாவிக்கிறவர்களிடமே கேட்டு, டிசம்பரில் முன்பதிவையும் திறந்தது. 99 யூரோ முற்பணம், 2000 பேர் சேர்ந்தால் செய்வோம் என்றார்கள், சேர்ந்துவிட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் அது விற்கிற நாடுகளில் இருந்து சொல்லியிருப்பார்கள். நான் அதை விற்காத ஊரில், திருத்த ஆளில்லாத ஊரில் வைத்துப் பாவிக்கிறவன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் முன்னுக்கு வரவேண்டிய விஷயங்கள் வேறு.

முதலில், ஏன் இதை விடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இதில் கீழே பட்டன்கள் இல்லை. விளிம்பிலிருந்து விரலை உள்ளே இழுத்தால் செயலி ஒதுங்கிவிடும், திரையைக் கீழே இழுத்தால் மேலே ஒளிந்திருக்கிற மெனு வரிவரியாக இறங்கும், வேண்டிய வரி வந்ததும் விரலை எடுத்தால் போதும். வாய்க்காலில் தண்ணி கட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு கையில் மண்வெட்டி இருக்கும், மற்றக் கையின் பெருவிரல் ஒன்றுதான் மிச்சம், அந்த ஒரு விரலால் முழுப் போனையும் ஆளலாம். பெரியம்மா முதல் நாள் வாங்கிப் பார்த்துவிட்டு "உதென்ன போன் தம்பி, அமத்த ஒண்டுமில்லை" என்றா. இரண்டு கிழமையில் கனடாவுக்குத் தானே வாட்ஸ்அப் எடுத்துக் கதைத்தா. அதன் பிறகு எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் என் விரல் தானாக விளிம்பைத்தான் தேடுகிறது.

இந்தப் பழக்கம் நோக்கியா காலத்திலிருந்து வருவது. 2011இல் நோக்கியா என்9 வந்தது, மீகோ என்ற ஓஎஸ்ஸோடு. அதே வருடம் நோக்கியா விண்டோஸ் பக்கம் திரும்பிவிட, மீகோவில் வேலை செய்தவர்கள் வெளியே வந்து தொடங்கியதுதான் ஜொல்லா. 2013 நவம்பரில் அவர்களுடைய முதல் போன் வந்தது, அடுத்த வருடமே இந்தியாவிலும் ஒன்லைனில் விற்றார்கள், 2016இல் இன்டெக்ஸ் என்ற இந்தியக் கம்பனி அக்வா ஃபிஷ் என்று இதே ஓஎஸ்ஸில் ஒரு மலிவுப் போன் விட்டது. கடல் தாண்டி இந்தப் பக்கம் வர அவ்வளவு தூரம் இருக்கவில்லை. பிறகு எல்லாம் ஐரோப்பாவுக்குள் சுருங்கிவிட்டது.

சரி, வேண்டியவை. முதலாவது பற்றரி, அதைப்பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. என்னுடையது 4500 எம்ஏஎச். வந்த புதிதில் காலையில் எடுத்தால் அடுத்த நாள் மத்தியானம் வரை கிடக்கும். ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் மோட்டர்சைக்கிள் பெட்டிக்குள்ளும் சட்டைப்பைக்குள்ளும் வெந்து வெந்து மூன்றாவது வருடத்தில் பற்றரி பாதியாகிவிட்டது. எந்தப் போனுக்கும் இங்கே இதுதான் கதி. கதிர் வந்த காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவல் கொட்டிலில் இரவு முழுக்க இருக்கவேண்டும், அங்கே கரண்ட் இல்லை, போன்தான் வெளிச்சம், போன்தான் அடுத்த வயல்காரனைக் கூப்பிடுகிற வழி. இரவு ஒரு மணிக்கு 15 வீதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்குத்தான் தெரியும், கழற்றி மாற்றுகிற பற்றரி ஒன்று மடியில் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று.

கடைசியில் டவுனில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். அந்தத் தம்பி நல்ல வேலைகாரன்தான், ஆனால் பின்பக்கம் கண்ணாடி, பசை போட்டு ஒட்டியது, சூடு காட்டித்தான் கிளப்பவேண்டும். கிளப்பித் திரும்ப ஒட்டினால் தண்ணி போகாத தன்மை அதோடு போய்விடும் என்று அவரே சொன்னார். நான் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். கார்த்திகை மழையில் ஒரு நாள் பரந்தனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் உள்ளே ஈரம் போய், மூன்று நாள் அரிசி வாளிக்குள் கிடந்து, ஒருவாறு உயிர் வந்தது. கமெராக் கண்ணாடிக்குள் பூத்த பனி இன்னும் போகவில்லை.

அதனால்தான் புதிய போனில் பற்றரியை நாமே மாற்றலாம், 5500 எம்ஏஎச் வரும், பின்மூடியையும் கழற்றலாம் என்று அறிவித்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி 18 முதல், கருவிகளில் உள்ள பற்றரியைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று சட்டமே வருகிறது. ஜொல்லாவுக்கு நான் சொல்வது இன்னும் ஒரு படி மேலே: அந்தப் பற்றரியைத் தனியாக, குறைந்தது ஏழு எட்டு வருடத்துக்கு விற்கவேண்டும், வாங்கும்போதே இரண்டாவது பற்றரி ஒன்றைச் சேர்த்து வாங்குகிற வசதி இருக்கவேண்டும். லிதியம் பற்றரியைத் தனியாகத் தபாலில் எடுப்பது எவ்வளவு கரைச்சல் என்று கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியும். போனோடு பெட்டிக்குள் வந்தால்தான் எங்கள் கைக்கு வந்துசேரும்.

இரண்டாவது, அழைப்பு. போன் என்றால் அடிக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். 4ஜியிலேயே குரல் அழைப்பு போகிற வோல்டிஇ என்கிற முறை, ஒவ்வொரு சிம் கம்பனியின் வலையமைப்போடும் தனித்தனியாக ஒத்துப்போகவேண்டிய ஒன்று. ஐரோப்பியக் கம்பனிகளோடு சோதித்துப் பார்த்தது இங்கே அப்படியே பொருந்தும் என்று இருக்க முடியாது. பொருந்தாவிட்டால் அழைப்பு வரும்போது போன் பழைய வலைக்கு இறங்கவேண்டும். ஜெர்மனியில் 3ஜியை 2021இலேயே நிறுத்திவிட்டார்கள், மற்ற நாடுகளும் அந்த வழியில்தான் போகின்றன, ஆகவே இறங்குவதற்கு மிச்சமிருப்பது 2ஜிதான், அதில் கதைத்துக்கொண்டிருக்கும்போது நெற் நின்றுவிடும். நான் இத்தனை வருடமும் சட்டைப்பையில் ஒரு பட்டன் போனையும் சேர்த்துக் காவித் திரிகிறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வயலில் தனியே நிற்கிறவர், அவருடைய அழைப்பு ஒன்றுகூடத் தவற நான் விடமாட்டேன். அடுத்த போன் வந்தால் இந்தப் பட்டன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடியதாக இருக்கவேண்டும், என் அளவுகோல் அதுதான். இலங்கைச் சிம்களில் சோதிக்க ஆள் வேண்டுமென்றால், என் கடையில் எல்லாக் கம்பனிச் சிம்மும் இருக்கிறது, இரவிருந்து சோதித்துத் தர நான் தயார். அழைப்புச் செட்டிங்குகளை எங்களைப் போன்றவர்கள் திறந்து மாற்றிப் பார்க்க வழி விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வங்கி விஷயம் மனதுக்குக் கஷ்டமானது. உர மானியக் காசு இப்போது வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, கடைக்குச் சாமான் எடுத்த காசும் அப்படித்தான் போகிறது. என்னுடைய வங்கியின் செயலி முதல் ஒன்றரை வருடம் ஒழுங்காக வேலை செய்து, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு "இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல" என்று மூடிக்கொண்டது. செயில்ஃபிஷில் அன்ட்ரொயிட் செயலிகள் ஓடும், ஆனால் கூகுளின் சேவைகள் அதில் இல்லை, வங்கிச் செயலிகள் பல, கூகுளிடம் கேட்டு அது சரி என்று சொன்னால்தான் திறக்கும். கிளையில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த தங்கச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு "வேற போன் ஒண்டு பாவியுங்கோ அண்ணா" என்றா. அவவில் பிழையில்லை. ஒருவன் தன் காசைப் பார்ப்பதற்கு இன்ன கம்பனியின் முத்திரை போனில் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடே பிழை. அன்ட்ரொயிட்டிலிருந்து கிராபீன் ஓஎஸ் என்று இன்னொரு ஓஎஸ் செய்கிறவர்கள், கூகுளைக் கேட்காமல் போனுக்குள் இருக்கிற பாதுகாப்புச் சிப்பை வைத்தே சரிபார்க்கலாம் என்று செயலி செய்கிறவர்களிடம் கேட்டுவருகிறார்கள். ஜொல்லாவும் அந்தக் குரலோடு சேரவேண்டும். ஒரு போனில் எவ்வளவு ராம் இருக்கிறது என்பதைவிட எனக்கு இது முக்கியம். இப்போதைக்கு பிரவுசரில் வங்கியின் இணையத்தளத்துக்குப் போய், எஸ்எம்எஸ்ஸில் வருகிற இலக்கத்தைப் போட்டு வேலையை முடிக்கிறேன்.

இனி நான் மிகவும் விரும்புகிற விஷயம், வரைபடம். ப்யூர் மேப்ஸ் என்று ஒரு செயலி, அதோடு ஓஎஸ்எம் ஸ்கௌட் சேர்வர் என்று இன்னொன்று, இரண்டும் செயில்ஃபிஷுக்காக ஆர்வலர்கள் செய்தவை. முழு இலங்கையின் வரைபடத்தையும் ஒரு முறை இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தேடும், வழி சொல்லும். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு வழியில் உழவு மெசின் ஒன்றுக்குச் சாமான் கொண்டுபோன நாளில் கவரேஜ் ஒரு கோடும் இல்லை, ஆனால் போன் வழி காட்டியது. அதற்குப் பிறகு நானும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தில் எங்கள் பக்கத்துக் குளக்கட்டுகளையும் ஒழுங்கைகளையும் கீறத் தொடங்கினேன். வன்னியில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் திறந்த பாதைகள் எத்தனையோ வரைபடத்தில் இல்லை. ஆகவே அடுத்த போனில் ஜிபிஎஸ் நல்லதாக, நெற் உதவியில்லாமலே சீக்கிரம் இடம் பிடிக்கிறதாக இருக்கவேண்டும், மெமரி காட்டுக்கு இடம் கட்டாயம் இருக்கவேண்டும். காட் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், நல்லது.

தமிழைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் தமிழில்தான் எழுதுகிறோம், கடையில் கடிதம் அடிக்க வருகிறவர்களுக்கும் போனிலேயே தமிழில் எழுதிக் காட்டித்தான் சரிபார்க்கிறேன். தமிழ் 99ஐப் பழகினவர்கள் ஒரு பக்கம், பாமினியில் டைப் பழகின எங்கள் வயதுக்காரர் இன்னொரு பக்கம், இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' அடித்துத் தமிழாக எதிர்பார்க்கிற பெடியள் மற்றப் பக்கம். மூன்றும் விசைப்பலகைக்குள் இருக்கவேண்டும், நாங்கள் எழுதுகிற சொல்லை அது கற்றுக்கொள்ளவும் வேண்டும். இது பெரிய கம்பனி வந்து செய்யவேண்டிய வேலையில்லை. செயில்ஃபிஷின் விசைப்பலகைத் தளவமைப்புக் கோப்பைத் திறந்து எழுதக்கூடியதாக இருப்பதால் நாங்களே செய்யலாம், இந்தச் சிறுபோகம் முடிந்ததும் பாமினி ஒன்றை நானே செய்துபார்க்க இருக்கிறேன்.

இயர்போன் துளை புதிய போனில் இல்லையாம். எனக்கு அது கவலைதான், காவல் இரவுகளில் வயர் இயர்போனில் பாட்டுக் கேட்பவன் நான், புளூடூத்துக்கு அங்கே யார் சார்ஜ் போடுவது? ஸ்பீக்கர் உரத்துக் கேட்கவேண்டும், உழவு மெசின் சத்தத்துக்குப் பக்கத்திலும். திரை மத்தியான வெயிலில் தெரியவேண்டும். கமெரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நெல்லில் விழுந்த நோயை விவசாயப் போதனாசிரியருக்கு எடுத்து அனுப்பக்கூடியதாக இருந்தால் சரி. மைக்கையும் மற்றதையும் நிறுத்துகிற ஒரு ஆளி (சுவிட்ச்) பக்கத்தில் வரும் என்கிறார்கள். எங்களைப்போலக் கேட்கப்படுவதும் பார்க்கப்படுவதும் என்னவென்று அறிந்து வளர்ந்த சனத்துக்கு அந்த ஆளியின் அருமையை விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, விற்பனை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் போனின் அடையாள இலக்கமான ஐஎம்ஈஐயை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது: ஏன் யாரோ கொண்டுவரவேண்டும்? கொழும்பில் ஒரு கடை, அல்லது தமிழ்நாட்டில் ஒரு கடை, உதிரிப்பாகம் நான்கு, அது போதும். என் கையில் இருக்கிறதைப் பார்த்துவிட்டு இதுவரை நான்கு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கடைக்கு வந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்கவேண்டியிருப்பது, ஐரோப்பாவில் உங்களுக்கு யாரும் இருக்கிறார்களா என்பது. மூன்று பேருக்கு இருந்தார்கள். நான்காவது, தர்மபுரத்துப் பெடியன், ஏ.எல் எழுதிவிட்டு நிற்கிறவன், "எங்களுக்கு வெளியில ஒருத்தரும் இல்லை அண்ணா" என்றான். அவனிடம் இருந்த பழைய அன்ட்ரொயிட் போனில் லீனியேஜ் ஓஎஸ் என்ற இலவச அன்ட்ரொயிட் வகை ஒன்றை ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது செயில்ஃபிஷில் செயலி எழுதுவது எப்படி என்று கேட்டான், கடைக் கணினியில் அதற்கான மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன், சனிக்கிழமைகளில் வந்து பழகுகிறான்.