இரண்டு மொழிக்காரர்களுக்கு ஒரு லாகின் திரை: ஜிடிஎம், லைட்-டிஎம், எஸ்டிடிஎம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாயனசாலையிலோ (நூலகம்) டியூஷன் சென்டரிலோ இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு ஆளுடையது இல்லை. தமிழ் மீடியம் பிள்ளைகள், மலையாள மீடியம் பிள்ளைகள், நடுவில் மனு டைப் அடிக்க வரும் பெரியவர்கள் என்று எல்லாரும் உட்காருவார்கள். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசுப் பள்ளித் தொழில்நுட்ப அமைப்பு தரும் உபுண்டு வழி லினக்ஸ் ஓடுவதால் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதில்லை. ஆனால் மெஷினை அமைத்துக் கொடுப்பவர்கள் டெஸ்க்டாப் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு, லாகின் திரையைத் தரும் டிஸ்ப்ளே மேனேஜரைப் பற்றி யோசிப்பதில்லை. டிஸ்ட்ரோவோடு (உபுண்டு, மிண்ட் போன்ற லினக்ஸ் தொகுப்பு) வந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் இடத்தில் அதிகம் பார்க்கப்படுவது அந்தத் திரைதான். ஜிடிஎம், லைட்-டிஎம், எஸ்டிடிஎம் மூன்றும் அப்படிப்பட்ட டிஸ்ப்ளே மேனேஜர்கள்.

உபுண்டு 11.10 முதல் 17.04 வரை லைட்-டிஎம் வைத்திருந்தது. 17.10-இல் க்னோம் டெஸ்க்டாப்புக்கு மாறியபோது ஜிடிஎம்முக்குப் போனது. ஜிடிஎம்மின் பலமும் பாரமும் ஒன்றுதான்: அதன் லாகின் திரையே க்னோம் ஷெல், அதாவது க்னோம் டெஸ்க்டாப்பை வரைந்து காட்டும் அதே நிரல். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் மட்டும் போதும் என்று அமைத்த டெபியன் மெஷினில் ஜிடிஎம்மைப் போட்டால் க்னோம் ஷெல்லும் கூடவே வந்து இறங்கும். 2 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டிக்கு இது வேண்டாத சுமை. ஆனால் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் அந்த மெஷினைத் தொடப் போகிறார் என்றால் நான் யோசிக்காமல் ஜிடிஎம்மையே சொல்வேன். திரை வாசிப்பான், பெரிய எழுத்து, திரைக் கீபோர்டு எல்லாம் பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே கிடைக்கும். க்னோம் டெஸ்க்டாப்பே வேண்டும் என்றாலும் ஜிடிஎம்தான் சரி. க்னோமின் திரைப்பூட்டு அதை நம்பித்தான் இருக்கிறது.

லைட்-டிஎம் பின்னணி வேலையைத் தான் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் திரையை 'க்ரீட்டர்' என்ற தனி நிரலிடம் விடுகிறது. லினக்ஸ் மிண்டில் ஸ்லிக் க்ரீட்டர், மற்ற இடங்களில் பெரும்பாலும் ஜிடிகே க்ரீட்டர். டெஸ்க்டாப் எதுவானாலும் ஒத்துப்போகும். மிண்டில் விருந்தினர் செஷனையும் செட்டிங்கில் திறந்துவிடலாம். வெளியேறியதும் அவர் கோப்புகள் அழிந்துவிடும். மனு டைப் அடிக்க வருபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எதைப் போட்டாலும் நம் பக்கத்து ஆட்கள் மாட்டுகிற இடங்கள் உண்டு. முதலாவது பெயர். யூசர்நேம் ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே இருக்கட்டும்; முழுப்பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ கொடுத்தால் திரையில் அதுதான் தெரியும். தன் பெயரைத் தன் எழுத்தில் பார்த்துத் தட்டுகிற பிள்ளைக்கு மெஷின் மீது ஒரு உரிமை வருகிறது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் ஃபான்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லாகின் திரை தனி யூசராக ஓடுவதால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் போட்ட ஃபான்ட் அதற்குத் தெரியாது. சிஸ்டம் முழுமைக்கும் நிறுவ வேண்டும். சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்கும் 'மீரா இனிமை' என்ற ஃபான்ட் தந்திருக்கிறது. மலையாள மீராவோடு அதையும் சேர்த்துப் போடலாம். வால்பேப்பர் வராததற்கும் பல சமயம் இதே காரணம்தான்.

அடுத்தது கீபோர்டு. சிஸ்டம் லேஅவுட் வரிசையில் தமிழ் முதலில் இருந்தால், பாஸ்வேர்டு கட்டத்தில் தமிழ் எழுத்து விழும். தெரிவதோ வெறும் புள்ளிகள். சரியான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, மெஷின் கெட்டுவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். ஆங்கிலம் முதலில், தமிழும் மலையாளமும் அதற்குப் பின்னால் என்று வையுங்கள். ஒன்றுக்கு மேல் லேஅவுட் இருந்தால் ஜிடிஎம் தானே மெனு காட்டும். லைட்-டிஎம்மின் ஜிடிகே க்ரீட்டரில் அது தெரியாவிட்டால், கான்ஃபிக் கோப்பின் இன்டிகேட்டர்ஸ் வரியில் லேஅவுட்டையும் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் ஜிடிஎம் ஒரு படி மேல்தான்.

எஸ்டிடிஎம் கேடிஇ ஆட்களுக்கானது. அதன் தீம்கள் கண்ணுக்கு அழகு. கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா ஓட்டினால் வையுங்கள், மற்றபடி அதைத் தேடிப் போகக் காரணம் தெரியவில்லை.

வாயனசாலைப் பழைய மெஷினுக்கு என் ஓட்டு மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போடு வரும் லைட்-டிஎம்முக்கு. டெபியன், உபுண்டுவில் இரண்டாவது மேனேஜரை நிறுவும்போதே எது வேண்டும் என்று கேட்கும். பிறகு மாற்ற டிபிகேஜி-ரீகான்ஃபிகர் (dpkg-reconfigure) கட்டளை இருக்கிறது. ஃபெடோராவில் சிஸ்டம்சிடிஎல் (systemctl) கட்டளையால் பழையதை டிசேபிள் செய்து புதியதை எனேபிள் செய்ய வேண்டும். மாற்றியதும், திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு மெஷினையே ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்ப்ளே மேனேஜர் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் சேமிக்காத வேலையெல்லாம் சட்டென்று போய்விடும். கறுப்புத் திரை வந்தால் பதற வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து பழையதற்கே திரும்பலாம். என்ன கோளாறு என்று பார்க்க, லைட்-டிஎம்முக்கு வார் லாக் (/var/log) அடைவில் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். மற்ற இரண்டுக்கும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை காட்டும் பதிவில் தேட வேண்டும்.