உணவுச் சங்கிலி மணிப்பெட்டி: ஆற்றலுக்கு நல்லது, உயிரித்திரளில் கோட்டை விட்டிருக்கிறார்கள்

ஆற்றல் ஓட்டத்தைப் பிள்ளைகள் கையாலேயே எண்ணிப் பார்க்கலாம் என்று சொல்லி விற்கிற பெட்டி இது. உள்ளே ஆயிரம் மஞ்சள் மணிகள், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று ஒட்டிய நான்கு ஜாடிகள், மூடியில் துளை போட்ட 'வெப்பம்' டப்பா, அப்புறம் ஒரு கட்டு அட்டைகள், புல் முதல் பாம்பு வரை தட்டுத் தட்டாகக் காட்டும் ஒரு பிரமிடு.

மணி விளையாட்டு அருமை. புல்லில் ஆயிரம், அதிலிருந்து வெட்டுக்கிளிக்கு நூறு, தவளைக்குப் பத்து, பாம்புக்கு ஒன்றே ஒன்று. காலி ஜாடியில் அந்த ஒற்றை மணி 'டொக்' என்று விழுந்ததும், "அப்போ பருந்துக்கு?" என்று பிள்ளைகளே கேட்டுவிடுகிறார்கள். உணவுச் சங்கிலிகள் பெரும்பாலும் நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் ஏன் நீள்வதில்லை என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் மிச்சம் தொள்ளாயிரத்தையும் நேராக வெப்ப டப்பாவில் கொட்டச் சொல்வதுதான் உதைக்கிறது. புல்லில் பாதிக்கு மேல் யாரும் தின்னாமலே காய்ந்து உதிரலாம், தின்றதிலும் ஒரு பகுதி செரிக்காமல் எச்சமாக வெளியே போகும், செரித்ததில் சுவாசத்தில் எரிவதுதான் அங்கேயே வெப்பமாகிறது. உதிர்ந்ததும் எச்சமும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் சாப்பாடு. அவற்றுக்கு ஜாடியே இல்லை, ஒரு காளான் படம் போட்ட அட்டையோடு முடித்துவிட்டார்கள்! நான் 'சிதைப்பவை' என்று எழுதி ஒரு ஜாடியைச் சேர்த்துக்கொண்டேன்.

பத்து சதவீதத்தை 'லிண்டெமன் விதி, மாறாதது' என்று அட்டை அடித்துச் சொல்கிறது. சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் 1942இல் வெளியான கட்டுரையில் ஒரு சின்ன ஏரிக்குக் கொடுத்த கணக்கே தாவரத்தைத் தின்பவற்றுக்கு 13.3, அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3 சதவீதம். பத்து என்பது தோராயச் சராசரி, அவ்வளவுதான். இதைவிட வேடிக்கை, வெட்டுக்கிளிக்குப் பதில் எலி அட்டையை வைத்தாலும் அதே நூறு மணிதானாம். எலி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செரித்ததில் பெரும்பகுதியை எரித்துவிடும், உடம்பில் சேர்வது ஓரிரு சதவீதம். அந்தச் செலவு இல்லாத வெட்டுக்கிளி அதைப்போலப் பல மடங்கு சேர்க்கும்.

அடுத்து அந்தப் பிரமிடு. உயிரித்திரளும் (அதாவது ஒரு தட்டில் ஒரு நேரத்தில் இருக்கிற உயிர்களின் மொத்த எடை) ஆற்றலும் ஒன்று என்கிற நினைப்பில் செய்தது போலிருக்கிறது. 'அடித்தட்டு எப்போதும் அகலம்' என்று அச்சடித்து, தட்டுகளைக் கழற்றவே முடியாதபடி ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆற்றல் பிரமிடுக்கு அது சரி, அது கவிழாது. உயிரித்திரள் பிரமிடு கடலில் தலைகீழாகக் கவிழலாம். ஆங்கிலக் கால்வாயில் அளந்தபோது சதுர மீட்டருக்குத் தாவர மிதவைகள் (நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகள்) 4 கிராம், அவற்றைத் தின்னும் விலங்கு மிதவைகள் 21 கிராம். தாவர மிதவைகள் பெருகப் பெருகத் தின்னப்படுவதால் எந்த நேரம் எடை போட்டாலும் கையிருப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வருஷத்தில் அவற்றின் வழியாகப் போன ஆற்றலைக் கூட்டினால் கீழ்த்தட்டுதான் பெரியது. பிரமிடில் போட்டிருக்கும் எடையும் வெறும் கிலோவில் இருக்கிறது, உலர் எடையா ஈர எடையா என்று ஒரு வார்த்தை இல்லை. உடம்பில் பெரும்பகுதி தண்ணீராக இருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை.

மணிக்காகவும் ஜாடிக்காகவும் வாங்கலாம், கூட இருந்து சொல்லித்தர ஆள் இருந்தால். அட்டைகளை மட்டும் நம்பிப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட வேண்டாம். ஐந்துக்கு மூன்று.